கிணற்றுக் கதவின் முகம்

காலையில் காபி கொடுப்பதற்கு முன் கணவனை ஒருமுறை பயமுறுத்திவிடுவது அந்த நாள்களில் பூங்கோதையின் வழக்கம். தூங்கி எழுந்த மனம் இன்னும் எதையும் யோசிக்கத் தொடங்கியிருக்காது; அந்த நேரத்தில் வருவதுதான் கலப்படமில்லாத உணர்ச்சி என்பது அவள் தொழிலின் அரிச்சுவடி. செங்கோடன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கட்டிலில் உட்காருவான். அவள் ஓர் ஒளித்தாளை அவன் முகத்துக்கு நேராக நீட்டுவாள். ஒருநாள் அதில் பாம்பு இருக்கும், ஒருநாள் பற்கள் இருக்கும், ஒருநாள் வெறும் கறுப்பு வட்டம் இருக்கும். அவன் பிடரிக்குள் பதித்திருந்த சில்லு, மூளையில் ஓடிய கலவரத்தை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டு அவளுடைய அச்சமானிக்கு அனுப்பும். அன்றைக்கு முப்பத்தொன்று வந்தது.

"கொட்டாவி விட்டுட்டே பாத்தா எப்பிடிங்க வரும்?" என்று அவள் சலித்துக்கொண்டாள்.

"இதுவும் காபி இன்னும் வரலியேங்கற பயந்தான் புள்ள" என்றான் அவன்.

குடைவூரில் பிடரிச்சில்லு இல்லாத ஆளே கிடையாது. குழந்தை பிறந்த வாரமே பதித்துவிடுவார்கள். முதலில் அது மருத்துவர்களுக்காக வந்தது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? கடைக்கு லோகோ போடுவதென்றால், முதலில் நாலு பேருக்குக் காட்டி, சில்லு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போடுவது என்றாகிவிட்டது. பால் கடைக்குப் பசி எண், பள்ளிக்கு நம்பிக்கை எண், கல்யாண மண்டபத்துக்கு ஆசை எண். ஊரின் பாதிக் கதவுகளில் பூங்கோதை வரைந்த லோகோக்கள்தான் இருந்தன. ஆனால் பயம் வேண்டும் என்று அவளிடம் வந்து கேட்ட முதல் ஆள் நாச்சிமுத்து.

ஏன் கேட்டார் என்பதற்கு ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடைவூர் நிலவின் தென்முனையில், தரைக்கு வெகு ஆழத்தில் இருக்கிறது. அதைக் குடைந்தவர்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று ஆட்கள். பூமியில் எங்கே துளை போட்டாலும் புழுதிதான் வருகிறது என்றான பிறகு, ரிக் வண்டிகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு நிலவின் பனிக்கட்டிக்குத் துளை போட வந்தார்கள். துளையை அகலமாக்கித் தெருவாக்கினார்கள். தெருவின் இரு பக்கமும் குடைந்து அறையாக்கினார்கள். மூன்று தலைமுறையில் அது ஊராகிவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் திருச்செங்கோட்டை விட்டு நகரவில்லை.

அந்த ஊரின் முதல் சட்டம், எந்தக் கதவுக்கும் பூட்டு கிடையாது என்பது. எங்காவது ஒரு விரிசல் விட்டுக் காற்று கசிந்தால் சங்கு ஊதும். ஊதிய உடனே, பக்கத்தில் எந்தக் கதவு இருக்கிறதோ அதைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள வேண்டும். யார் வீடு, யார் படுக்கையறை என்று யோசிக்கிற நேரத்தில் நுரையீரல் வற்றிவிடும். புதுமணத் தம்பதி இருந்த அறைக்குள் தெருவே ஓடிப்போய் உட்கார்ந்த கதையைக் குடைவூரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில்தான் நாச்சிமுத்து விஷத்தைப் புதைக்கும் தொழில் செய்தார். வெயில் எட்டாத அந்த ஆழத்தில் விளக்கு, வெப்பம், காற்று எல்லாவற்றுக்கும் ஓர் அணு உலைதான் ஆதாரம். அதில் எரிந்து தீர்ந்த கோல்கள் பல தலைமுறைக்குக் கதிர் வீசிக்கொண்டே இருக்கும். வற்றிய ஆழ்துளைகளில் அவற்றை இறக்கி, ஈய மூடி போட்டு, மேலே ஒரு முன்னறை கட்டிக் கதவு வைப்பது அவர் நிறுவனத்தின் வேலை. ஈய மூடி கதிரை முழுக்க நிறுத்தாது. போகிற வழியில் கடந்து போனால் ஒன்றுமில்லை, முன்னறைக்குள் தங்கினால் ஆபத்து. பழைய கிணறுகள் நிரம்பிவிட்டன. மிச்சமிருந்த ஒரே வற்றிய கிணறு பள்ளிக்கூடத் தெருவின் திருப்பத்தில் இருந்தது. ஊர்ச்சபை வேறு வழியில்லாமல் அனுமதி கொடுத்தது.

"அம்முணி, எல்லாரும் உங்கிட்ட வந்து, லோகோவப் பாத்தா சனம் வரோணும்னு கேப்பாங்க" என்றார் நாச்சிமுத்து. "எனக்கு ஒருத்தரும் வரக்கூடாது. கதவப் பூட்டறதுக்கு எனக்குச் சட்டம் இல்ல. பாக்கற மனசத்தான் பூட்டோணும். எழுத்துத் தெரியாத கொழந்தைகூட அதப் பாத்தா திரும்பி ஓடோணும்."

பூங்கோதை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். அவளுடைய ஏழு வயது மகள் அருவி தினமும் அந்தத் திருப்பத்தைக் கடந்துதான் பள்ளிக்குப் போனாள். பெயர்தான் அருவி, தண்ணீர் மேலிருந்து விழும் என்பதையே நம்பாத நிலாப் பிள்ளை. கண்ணில் பட்ட கதவையெல்லாம் திறந்து பார்க்கும் குழந்தை வேறு. அந்த ஒரு கதவை அவள் திறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். மற்ற வேலைகளில் பூங்கோதைக்கு நல்ல பெயர் தேவைப்பட்டது. இந்த வேலையில் மகள் உயிரோடு இருப்பது தேவைப்பட்டது.

நல்ல லோகோ எளிமையாக இருக்க வேண்டும், தூரத்திலும் புரிய வேண்டும், ஒரே நிறத்தில் வரைந்தாலும் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். எதை வரைவது என்பதுதான் தெரியவில்லை. பூமியில் இருந்து வந்த பழைய கதிர்வீச்சுக் குறியை முதலில் காட்டிப் பார்த்தாள். மூன்று இதழ் இருந்ததால் பிள்ளைகள் அதை ஃபேன் என்றார்கள். காற்றுக்கு ஏங்கும் ஊரில் ஃபேன் என்றால் ஓடிவந்து நிற்பார்கள். மண்டையோடு, பள்ளிக் கால்பந்து அணியின் தொப்பியில் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தது. சிவப்பைப் பார்த்தால் குங்குமம் நினைவுக்கு வந்தது. பாம்பைக் காட்டியபோது அருவி, "இந்தக் காத்துக் குழாய்க்கு ஏம்மா கண்ணு வெச்சிருக்கறே?" என்று கேட்டாள். செங்கோடனின் காலைக் காபி நாளுக்கு நாள் தள்ளிப்போனது.

பதில், ஒரு கசிவு நாளில் ஓடிவந்தது. சங்கு ஊதியதும் பூங்கோதை மகளை அள்ளிக்கொண்டு பக்கத்துக் கதவுக்குள் புகுந்தாள். செங்கோடன் காற்றுக்குழாய் பராமரிப்பில் வேலை பார்ப்பவன். தெருக்கோடியில் கடைசி அடைப்பைத் திருகிவிட்டு, காற்று மெலிந்த தெருவில் ஓடிவந்து, கதவு சாத்தப்படும் நொடியில் உள்ளே விழுந்தான். அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கு உடம்பு சில்லிட்டுப் போனது. கண்கள் பிதுங்கியிருந்தன. வாய் பிளந்திருந்தது. நாக்கு வெளியே தொங்கியது. ஐயோ, போய்விட்டான் என்றே நினைத்தாள். ஆனால் அவனுக்கு மூச்சு திரும்புவதற்கு முன்பே அவளுடைய விரல் தன் தொடையின் மேல் கோடு போடத் தொடங்கியிருந்தது. தொழில் புத்தியை என்ன சொல்லித் திட்டுவது?

உருண்டு தெறிக்கிற மாதிரி இரண்டு கண், காற்றுக்காகப் பிளந்த வாய், தொங்கும் நாக்கு. அவ்வளவுதான் லோகோ. எந்தப் பக்கம் நின்றாலும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றும்படி கருவிழிகளை வைத்தாள். குடைவூரில் பிறந்த எவரும் தூக்கத்தில் கண்டு அலறும் முகம் அது, மூச்சில்லாதவன் முகம். மறுநாள் காலை அதைச் செங்கோடனுக்குக் காட்டினாள். தொண்ணூற்று நான்கு. அது தன் முகம்தான் என்று அவனுக்குக் கடைசி வரை தெரியாது. நாச்சிமுத்து பார்த்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேசினார். அருவி வீறிட்டு அழுது அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். பெற்ற பிள்ளை அழுவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட தாய் நிலவிலும் இல்லை, பூமியிலும் இருந்திருக்க மாட்டாள்.

விஷக் கிணற்றின் குறி தலைமுறைதோறும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதால், பதிந்துவிட்டால் முந்நூறு ஆண்டுக்கு மாற்றக் கூடாது என்பது ஊர்ச்சபை விதி. நாச்சிமுத்து பதிந்தார். முகம் இருட்டிலும் ஒளிரும் வண்ணத்தில் ஆளுயரத்துக்குக் கிணற்றுக் கதவில் ஏறியது. பள்ளிப் பிள்ளைகள் எதிர்ச்சுவரை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஓடினார்கள். பெரியவர்களே அந்தத் திருப்பத்தில் பேச்சை நிறுத்தினார்கள். பூங்கோதைக்கு வேலை குவிந்தது. அகலத் தெருவில் இரண்டு அறை வீடு கிடைத்தது. குடைவூரில் இரண்டு அறை என்றால் ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடும்.

அந்தப் பெருமூச்சுகளுக்குப் பிறகுதான் அருவிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணச் சளிக்காய்ச்சல், மூன்றாம் நாள் விட்டுவிடும் என்றார் மருத்துவர். பக்கத்து வீட்டுப் பாவாயிக்கு அதில் நம்பிக்கையில்லை. தெருவில் பூமியில் பிறந்தவள் அவள் ஒருத்திதான். பசுமைக்கூடத்தில் மிளகாயும் எலுமிச்சையும் வளர்ப்பது வேலை. மேசை மேல் கிடந்த லோகோவின் சோதனைப் பிரதியை எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"கோதை, இது எங்கூர்ல புது வீடு கட்டறப்ப முன்னால மாட்டுவாங்களே, திருஷ்டி பொம்மை, அதாட்டவேல்ல இருக்குது" என்றாள். "அதே முழி, அதே நாக்கு. ஊரு கண்ணு முச்சூடும் உங்க வீட்டு மேல இருக்கையில, இத மேசைல போட்டு வெச்சிருக்கறயே?"

பூமியில் எழும்பி நிற்கும் கட்டடங்களின் நெற்றியிலும், சரக்கு லாரியின் முகப்பிலும், பூசணித் தோட்டத்திலும் இப்படி ஒரு முகம் தொங்கும் என்றும், பொறாமைக்காரன் பார்வை அதன் மேல் மோதித் திரும்பிவிடும் என்றும் அவள் விளக்கினாள். பூங்கோதை சிரித்தாள். செங்கோடன் சிரிக்கவில்லை. தன்னையே தொண்ணூற்று நான்குக்குக் கலக்கியது மற்றவன் கண்ணைக் கலக்காதா என்று கேட்டு, பிரதியை எடுத்துப் போய் வாசற்கதவில் ஒட்டினான். அவளும் தடுக்கவில்லை. உடம்பு சுடும் பிள்ளையை மடியில் வைத்திருப்பவளுக்கு எதைத் தடுக்கத் தோன்றும்?

மருத்துவரிடம் போய்த் திரும்பியபோது அருவி அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வரவே மறுத்தாள். பூங்கோதை அவளைத் தூக்கி, அந்த நாக்கைத் தொட்டுப் பார்க்க வைத்தாள்.

"பயப்படாத கண்ணு. இது நம்மளப் பயமுறுத்தறதுக்கு இல்ல. இது இருக்கற எடத்துல நமக்கு ஒண்ணும் ஆவாது."

அன்று மாலையே காய்ச்சல் விட்டது. அது மருத்துவர் சொன்ன மூன்றாம் நாள்தான். ஆனாலும் மருத்துவர் சொன்னதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

பாவாயி ஒரு பிரதி வாங்கிக்கொண்டாள். அவளிடமிருந்து அவள் தங்கை, தங்கையிடமிருந்து தெரு. நாச்சிமுத்துவின் விஷத்தையே ஊருக்குள் வரவிடாமல் பிடித்து நிறுத்தியிருக்கும் முகம், ஒரு கசிவைத் தடுக்காதா என்று ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் ஒட்டிய பிறகு, பக்கத்து வீட்டில் ஒட்டாமல் இருக்க முடியவில்லை. மோதித் திரும்பும் கண் எங்கே போகும், பக்கத்து வீட்டுக்குத்தானே? சில மாதங்களில் முகம் இல்லாத கதவே ஊரில் இல்லை. தொட்டிலுக்கு மேல் தொங்கியது. பால் கடையில், மருத்துவமனையில், ஊர்ச்சபை வாசலில் இருந்தது. பிறந்தநாள் கேக்கில் நாக்கைச் சிவப்புக் கிரீமில் போட்டார்கள். அந்த நாக்குத் துண்டுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள்.

பூங்கோதை இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வரைந்தது ஊர் முழுக்கத் தொங்கினால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது?

பிறகு ஒரு காலை. வேறொரு வேலைக்காகப் புதிதாக ஒன்று வரைந்திருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று பழைய முகத்தையும் எடுத்துச் செங்கோடன் முன்னால் நீட்டினாள். அவன் கண்ணைத் திறந்தான், பார்த்தான், புன்னகைத்தான். அச்சமானி ஏழு என்றது. கருவி கெட்டுவிட்டதோ என்று அவள் அதை உதறிப் பார்த்தாள். அப்போது அருவி எழுந்து வந்து படத்தைப் பார்த்துவிட்டு, அதன் மேலேயே கன்னத்தைச் சாய்த்து மறுபடி கண்ணை மூடினாள். அச்சம் ஒன்றுமில்லை. கருவியை நிம்மதி எண்ணுக்கு மாற்றிப் பார்த்தாள்; அம்மா மடியில் தூங்கும்போது எவ்வளவு இருக்குமோ அவ்வளவு.

பூங்கோதை மகளின் கன்னத்தடியிலிருந்து படத்தை உருவினாள். பள்ளிக்கூடத் தெருவின் திருப்பத்தில், பூட்டில்லாத அந்தக் கதவின் மேல் இருந்தது இந்த நிம்மதிதான்.

அன்றைக்கே நாச்சிமுத்துவிடம் ஓடினாள். லோகோ செத்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்றாள். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். ஊரிலேயே எல்லாருக்கும் தெரிந்த லோகோ தன்னுடையதுதான் என்றும், பால் கடைக்காரன்கூடப் பொறாமைப்படுகிறான் என்றும், அதைச் செத்துவிட்டது என்று சொல்கிற ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். மாற்ற நினைத்தாலும் முந்நூறு ஆண்டு விதி இருக்கிறது. அவருக்குப் பின்னால் சுவரிலும் ஒரு முகம் தொங்கியது. முன்பு நாற்காலியைத் திருப்பிக்கொண்டவர், இப்போது அதற்கு ஊதுவத்தி வைத்திருந்தார்.

குறியை மாற்ற முடியாதென்றால் வீடுகளில் இருப்பதையாவது எடுக்கச் சொல்லலாம் என்று தெருத்தெருவாகப் போனாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் சொல்வது நியாயம்தான், பிள்ளைகளுக்கு ஆபத்துதான், முதலில் எதிர்வீட்டுக்காரர் எடுக்கட்டும், பின்னாலேயே எடுத்துவிடுகிறோம் என்றார்கள். எடுத்த வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பாவாயி கேட்டாள். பூங்கோதை தன் வீட்டிலிருந்தே தொடங்குவது என்று வாசலுக்கு வந்தாள். கையைத் தூக்கினாள். உள்ளே அருவி இருமுவது கேட்டது. முந்தின நாளிலிருந்து மறுபடி லேசாகச் சூடு.

இது கணவனின் முகம், என் கோடு, நான் வரைந்தது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கை மேலே போகவில்லை. சூடு விடட்டும், அப்புறம் எடுத்துக்கலாம் என்று உள்ளே போய்விட்டாள். சூடு விட்டது. அருவி பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். அப்புறம் ஏதோ வேலை வந்தது. முகம் கதவிலேயே இருந்தது.

சங்கு ஊதியபோது பள்ளி விட்டிருந்தது.

பூங்கோதை வீட்டில் தனியாக இருந்தாள். விளக்குகள் அணைந்தன. கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் இருந்த பேசுகுழலில் காதை வைத்தாள். கசிவு வந்தால் ஒவ்வோர் அறையும் தன்னிடம் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். மருத்துவமனை சொன்னது. பால் கடை சொன்னது. பள்ளி சொன்னது, பிள்ளைகள் போய்விட்டார்கள் என்றது. பள்ளிக்கூடத் தெருவில் இருந்த ஒவ்வொரு வீடும் சொன்னது. எதிலும் அருவியின் பெயர் வரவில்லை. எல்லா அறைகளும் முடிந்துவிட்டன. பேசுகுழல் இல்லாத அறை அந்தத் தெருவில் ஒன்றே ஒன்றுதான்.

கசிவை அடைத்துவிட்டதாக அறிவிப்பு வருவதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். காற்று இன்னும் மெலிந்துதான் இருந்தது. நெஞ்சு தீயாய் எரிந்தது. ஒவ்வொரு கதவிலிருந்தும் அவள் வரைந்த முகம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வழியில் எதையும் வேண்டிக்கொள்ளக்கூட மூச்சு இல்லை. திருப்பத்துக்கு வந்தபோது, அவளுக்கே கண் பிதுங்கி, வாய் பிளந்து, நாக்கு வெளியே தள்ளியிருந்தது. ஆளுயர முகம் எதிரே நின்றது. கதவை இழுத்தாள்.

ஆறேழு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஈய மூடியைச் சுற்றி, அதன் மேல் முதுகைச் சாய்த்து. அருவி, ஒரு சின்னக் குழந்தையை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வெதுவெதுன்னு இருக்குதும்மா" என்றாள்.

பூங்கோதை ஒவ்வொருவராக அள்ளி வெளியே எறிகிற மாதிரி தள்ளினாள். கடைசியாக மகளை இழுத்துக்கொண்டு, தெருவின் எதிர்ச்சுவரில் போய் மோதி உட்கார்ந்தாள். ஏன் அங்கே போனாய், பக்கத்தில் அத்தனை வீடு இருந்ததே என்று கேட்டாள். இருட்டில் வேறு கதவுகள் தெரியவில்லை, பெரிதாக ஒளிர்ந்த பொம்மை மட்டும் தெரிந்தது என்றாள் அருவி. சின்னப் பிள்ளைகள் பயந்து அழுதார்களாம். இவள்தான் தைரியம் சொல்லிக் கூட்டிப் போனாளாம்.

"இது இருக்கற எடத்துல நமக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நீதானம்மா சொன்னே?"

பிள்ளைகளின் உடலில் ஏறிய கதிர் அளவு, எல்லைக்கோட்டின் மேலேயே நின்றது. இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, அரைத் திங்கள் கழித்து ரத்தத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். அந்த நாள்களில் பூங்கோதை தூங்கவில்லை. அருவியின் தலைமயிர் சீப்பில் வருகிறதா என்று சீவும்போதெல்லாம் சீப்பையே பார்த்தாள்.

ஊர்ச்சபை கூடி, முந்நூறு ஆண்டு விதியைத் தளர்த்தி, புதுக் குறி கேட்டது. பூங்கோதை ஊரையே வரிசையில் நிற்க வைத்துச் சோதித்தாள். வாள், நெருப்பு, அழுகிய கை, எல்லாவற்றையும் காட்டினாள். ஒன்றும் இருபதைத் தாண்டவில்லை. ஒருமுறை கைதவறி, ஒன்றும் வரையாத வெறும் கதவின் படம் ஒளித்தாளில் வந்துவிட்டது. முன்னால் இருந்த பெண் முகத்தை மூடிக்கொண்டாள். தொண்ணூற்றாறு. அடுத்தவர் பின்வாங்கினார். தொண்ணூற்றேழு. முகம் இல்லாத, காவல் இல்லாத, யார் கண்ணும் நேராகப் பாயக்கூடிய வெற்றுக்கதவு. குடைவூரில் அதைவிடப் பயங்கரமானது எதுவும் மிச்சமில்லை.

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். "அப்ப, ஒண்ணுமே போடாததுதான் உசத்தியான லோகோங்கறே" என்றார். அவருக்கு அதில் சிரிப்பு வரவில்லை.

கிணற்றுக் கதவிலிருந்து முகத்தை எடுக்க ஒரு மனிதரும் முன்வரவில்லை. கடைசியில் ஓர் எந்திரக் கையை அனுப்பிச் சுரண்டி எடுத்தார்கள். கதவு மொட்டையாக நின்றது. அன்று முதல் பிள்ளைகள் மறுபடி எதிர்ச்சுவரை ஒட்டி ஓடினார்கள். பெரியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பூங்கோதை பல நாளுக்குப் பிறகு ஒருவேளைச் சோறு முழுதாகச் சாப்பிட்டாள்.

ரத்த முடிவு சொல்லும் நாள் வந்தது. செங்கோடன் முன்னாலேயே மருத்துவமனைக்குப் போய்விட்டான். பூங்கோதை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத் தெரு வழியாக நடந்தாள். திருப்பத்தில் கால் நின்றுவிட்டது.

வெற்றுக்கதவு வெற்றாக இல்லை. நடுவில், சின்னக் கை எட்டும் உயரத்தில், ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வண்ணக்குச்சியால் வரைந்த முகம். ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது, நாக்கு தாடையைத் தாண்டி நீண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு கயிற்றில் எலுமிச்சம்பழமும் நாலைந்து காய்ந்த மிளகாயும் ஆடிக்கொண்டிருந்தன. காகிதம் கதவின் பெரிய கைப்பிடியைத் தாண்டி ஒட்டப்பட்டிருந்தது. பிள்ளைகள் கதவோடு உடம்பை ஒட்டி நின்றிருந்தால்தான் அப்படி ஒட்ட முடியும்.

"நாங்க எல்லாருஞ் சேந்துதான்மா" என்றாள் அருவி. "பாவாயி அத்தை எலுமிச்சம்பழம் குடுத்தாங்க. இந்தக் கதவுக்கு மட்டும் பொம்மை இல்லீல்ல? பாவம். எங்களுக்குப் பயமா இருந்துச்சு."

பூங்கோதை மகளின் கையை விட்டாள். உடனே கிழித்துப் போட வேண்டும். அது என்ன செய்யும் என்று ஊரில் அவளைவிடத் தெரிந்தவர் யார்? இரண்டே எட்டில் கதவருகே போனாள். கையைத் தூக்கினாள். காகிதத்தின் ஓரத்தில் நகம் பட்டது.

மருத்துவமனையில் அந்த நேரத்தில் யாரோ ஒருவர் அருவியின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். சரியாக இந்த நேரத்தில். இன்றைக்கு எடுப்பதா? இன்றைக்குப் போய் எடுப்பதா? முடிவு தெரியட்டும். நல்லபடியாகத் தெரியட்டும். திரும்பி வரும்போது எடுத்துவிடலாம், கட்டாயம் எடுத்துவிடலாம்.

காகிதம் ஒரு பக்கம் சாய்ந்து கோணலாக இருந்தது. பூங்கோதை அதை மெல்ல உரித்து, நேராக்கி, நாலு மூலையும் ஒட்டும்படி உள்ளங்கையால் அழுத்தினாள். விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இடுப்பில் இருந்த அச்சமானியில் அவளுடைய எண் இறங்கிக்கொண்டே வந்தது.